சங்கத்துத் தேக்சாவும் ஒரு பெட்டி சோடாவும்

டாங்கா,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பிரியமுள்ள மச்சான் ஹமாதிக்கு, உன் அக்காள் புருஷன் ரஜபு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் வீட்டில் புதிதாக வந்திருக்கும் பெண் குழந்தையும், அவளைப் பெற்ற மகராசியும், குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய் அங்கே உன் வீட்டையே ஆண்டுகொண்டிருக்கும் உன் அக்கா சுபிராவும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் சுகம். கோழிகள் சுகம். கூரை சுகம். பக்கத்து வீட்டு மிஷி ரொம்பவே சுகம், காலையிலிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில் சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தேக்சா.

இந்த இடத்தில் நிறுத்து. உன் அக்கா பக்கத்தில் இருக்கிறாளா? இருந்தால் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிராம்பு மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடு. மரத்தில் ஏறிக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். உன் போன் அடித்தால் உன் வீட்டில் இப்போது எடுப்பது யார்? அவள் எடுத்து, "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் நான் எல்லாவற்றையும் கக்கிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் என்னால் ஒன்றையும் ஒளிக்க முடிந்ததில்லை. அதனால்தான் நாளைக் காலைப் படகில் ஒமாரியின் மருமகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு பெரிய அலுமினியத் தேக்சா இருப்பது உனக்குத் தெரியும். இரண்டு காது வைத்தது, ஒரு ஆட்டை முழுசாக உட்கார வைக்கலாம், விளிம்பில் சங்கத்து அடையாளமாகச் சிவப்புப் பொட்டு. தெருவில் எந்தக் கல்யாணமானாலும் பிலாவ் அதில்தான். அந்தத் தேக்சா யார் வீட்டில் இருக்கிறதோ அவள்தான் அன்றைக்கு அடுப்படிக்கு ராணி. கரண்டி அவள் கையில். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பதும் அவள்தான். இத்தனை வருஷமாக அது உன் அக்காவிடம் இருக்கிறது. இத்தனை வருஷமாக மிஷி அதற்குக் கண் வைத்திருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். அன்றைக்கு அந்தத் தேக்சாவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தாலும் சங்கம் அதை மிஷி வீட்டுக்கு மாற்றிவிடும். உன் அக்கா வெளியே சிரித்துக்கொண்டு நிற்பாள், வீட்டுக்கு வந்து பாயில் படுத்து அழுவாள். அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது ஹமாதி. அவள் திட்டுவதைக்கூடத் தாங்குவேன்.

இதெல்லாம் தெரிந்தவன் அதை ஏன் தொட்டான் என்று கேட்பாய். எல்லாம் அந்த பாவோ பலகையால் வந்த வினை. மாமரத்தடியில் நானும் மஷாக்காவும் ஒமாரியும் குழியில் கொட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தோம். நான் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டேன். தோற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆட்டத்துல ஜெயிச்சு என்னய்யா? வீட்டுக்குப் போனா காஞ்ச ரொட்டியும் டீயும்தானே," என்றான் மஷாக்கா. "பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா இவன் அனாதைப் பய."

"யாருடா அனாதை? துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவன்டா நான். லாரியவே பூ மாதிரி தூக்கி இறக்கி வச்சவன். ஒரு பிலாவ் எனக்குப் பெரிய விஷயமா? நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

"இறக்குறது சரி," என்றான் ஒமாரி. "அடுப்புல ஏத்தத் தெரியுமா?"

அந்த ஒரு கேள்விதான் மச்சான் என் குடியைக் கெடுத்தது. மறுநாள் காலையிலேயே அரிசி, இறைச்சி, வெங்காயம் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். பாத்திரம்? சமையலறையில் இருந்ததெல்லாம் ஒரு ஆளுக்கு உலை வைக்கிற சின்னச் சட்டிகள். பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி ஒரு பெரிய தேக்சா கவிழ்ந்து கிடந்தது. சங்கத்துத் தேக்சா எப்போதும் இருக்கிற அதே மூலை, அதே சாக்கு. தொடாதே என்று உன் அக்கா படகுத்துறையில்கூட விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் மூன்று பேர் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எடுத்துப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது. எத்தனை கல்யாணத்தைப் பார்த்த தேக்சா, கறுக்காமல் என்ன செய்யும் என்று ஏற்றிவிட்டேன்.

மசாலா வறுத்தேன், இறைச்சி போட்டேன், அரிசி போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், மூடினேன், மூடி மேல் நெருப்பும் அள்ளிப் போட்டேன். அதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வெந்துகொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மஷாக்கா பலகையை விரித்தான். ஆட்டம் சூடுபிடித்தது. அவன் என் கொட்டைகளை அள்ள, நான் அவனுடையதை அள்ள, வாசனை வந்தது, நல்ல வாசனை, அப்புறம் இன்னும் கொஞ்சம் நல்ல வாசனை, அப்புறம் அது நல்ல வாசனை இல்லை. மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஷி கத்தினாள்.

"ரஜபு அண்ணே! உங்க வீட்டுல என்ன, தார் ரோடு போடுறீங்களா?"

"சாம்பிராணி போடுறோம்மா!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

"யாருக்கு, செத்தவங்களுக்கா?"

மேல் சோறு மோசமில்லை என்று சொல்ல வேண்டும். நிறம்தான் கொஞ்சம் கூடுதல். சாப்பிட்டு முடித்தபோது ஒமாரியின் நாக்கு நாவல் பழம் தின்றவன் நாக்கு மாதிரி ஊதா நிறத்தில் இருந்தது. மஷாக்காவுக்கு உதடும் சேர்த்து. என்னுடையதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உன் ஊர் பெம்பாத் தீவுக் கிராம்பு என்றால் அப்படித்தான் ஏறும் என்று அவர்களிடம் அடித்துவிட்டேன். ஆனால் நமக்குள் இருக்கட்டும், போன மாதம் நீ அனுப்பின கிராம்பு எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் ஏதாவது கலக்கிறார்களா என்று விசாரி.

இப்போது அடிக்கு வருவோம். அடியில் பிடித்திருந்தது காந்தல் இல்லை மச்சான், அது காங்கிரீட். தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். கடற்கரை மணல் போட்டுத் தேய்த்தேன். அகப்பைக் காம்பால் குத்தினேன், காம்புதான் முறிந்தது. அந்த நேரம் பார்த்து வானொலியில் பெண்கள் நிகழ்ச்சி. தேன் மாதிரி ஒரு குரல் சொல்கிறது: "எவ்வளவு பிடிவாதமான கறையா இருந்தாலும் சரி, கவலையே படாதீங்க. பாத்திரத்துல சோடாவைப் போட்டுக் கொதிக்க விடுங்க. உரிச்ச வெங்காயம் மாதிரி வந்துரும்." அல்லாஹ் எனக்காகவே அந்தப் பெண்ணைப் பேச வைத்திருக்கிறான் என்று எழுந்து கடைக்கு ஓடினேன்.

"ஒரு பெட்டி சோடா குடு."

"ஒரு பெட்டியா? வீட்டுல விசேஷமா பெரியவரே?" என்றான் கடைக்காரன்.

"விசேஷமெல்லாம் இல்ல. தேக்சாவுக்கு."

அவன் இரண்டு பாட்டிலை எடுத்து என் எதிரில் வைத்தான். "தேக்சாவுக்கு ஆரஞ்சு பிடிக்குமா, எலுமிச்சை பிடிக்குமா?"

நான் ஆரஞ்சு என்றேன். அதிலும் எலுமிச்சை என்று சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வொரு பாட்டிலாக உடைத்து ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது, ஆஹா வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொதிக்க விட்டேன். வற்ற வற்ற அது பாகாகி, பாகு கம்பிப் பதம் தாண்டி, கடைசியில் பழைய கறுப்பின் மேல் புதிதாகப் பளபளவென்று இன்னொரு கறுப்பு ஏறி உட்கார்ந்தது. கரண்டி நட்டது நட்டபடி நின்றது. தெருவிலிருக்கிற எறும்பெல்லாம் வரிசை கட்டி வந்தது. மஷாக்கா வந்து எட்டிப் பார்த்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அட கிறுக்கா! குடிக்கிற சோடாவையா ஊத்துன?"

"சோடான்னுதானே சொன்னா அவ?"

"அது சமையல் சோடாடா. வெள்ளையா மாவு மாதிரி இருக்கும்."

"அதை முழுசாச் சொல்றதுக்கு அவளுக்கு என்ன கேடு?"

"நீதான் முழுசா கேக்காம கடைக்கு ஓடியிருப்ப."

சமையல் சோடா வீட்டில் இல்லை. ஆனால் பயறு மெத்தென்று வேகப் போடுவாளே உன் அக்கா, அந்த மகாதிக் கல், அது ஒரு கட்டி இருந்தது. அதுவும் ஒரு சோடாதானே என்று மஷாக்காதான் யோசனை சொன்னான், நான் கையெழுத்துப் போடவும் தயார், அவன்தான் சொன்னான். முழுக் கட்டியையும் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் கொதிக்க வைத்தோம். ஒன்று சொல்ல வேண்டும், பாகு கரைந்துவிட்டது. காந்தலும் பெயர்ந்து மிதந்தது. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பார்த்தால், ஹமாதி, அடி மட்டும் கறுத்திருந்த தேக்சா இப்போது அடியிலிருந்து காது வரைக்கும் கறுப்பு. அலுமினியத்துக்கும் மகாதிக்கும் ஆகாதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் தூக்கினதெல்லாம் இரும்பு.

மஷாக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "ஒண்ணு சொல்லட்டா? முன்னாடி அங்கங்க கறுப்பா இருந்துச்சு. இப்ப எல்லா இடமும் ஒரே மாதிரி. பார்க்க ஒரு ஒழுங்கா இருக்கு."

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அன்று நான் பட்ட பாடு உனக்குச் சொல்லி மாளாது. ஒவ்வொரு தடவை மிஷி சுவரோரம் வரும்போதும் தேக்சாவின் மேல் சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னண்ணே, வெயில்ல உக்காந்திருக்கீங்க?"

"முதுகு வலிம்மா. வெயில் நல்லதாம்."

"முதுகு வலிக்கு சாக்கு மேலயா ஏறி உக்காரணும்?"

உன் அக்கா வந்து நின்று சாக்கை விலக்கிப் பார்ப்பது மாதிரி கண்ணுக்குள் வந்து வந்து போனது. வீடே வெறிச்சென்று இருந்தது. அவள் இல்லாததால் வெறிச்சென்று இருக்கிறது, அவள் வந்துவிடுவாளே என்று பயமாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தால் மனிதன் என்ன செய்வான் சொல்.

வழி பிறந்தது பொரித்த மீனால். தேக்சா பக்கத்திலேயே குந்தி, மீன் துண்டின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பிழிந்த வேகத்தில் நாலு சொட்டு தேக்சாவில் தெறித்தது. தின்று முடித்து, கையைத் துடைக்கிற சாக்கில் அந்த இடத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளை! பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதிப் பழத்தை உப்புத் தொட்டுத் தேய்த்தேன், உள்ளங்கை அளவுக்கு வெளுத்தது. சந்தைக்கு ஓடினேன். உப்பளத்துக்காரர் வீட்டில் கல்யாணச் சர்பத்துக்கென்று கூடையோடு எல்லாப் பழத்தையும் வாங்கிப் போய்விட்டார்களாம், எனக்குக் கிடைத்தது வதங்கின நாலு பழம். அந்த நாலு பழம் ஒரு காதுக்கே பத்தவில்லை.

திரும்பி வந்து சோர்ந்து உட்கார்ந்தவன் கண்ணில் அலமாரி மேலிருந்த ஜாடி பட்டது. உன் அக்கா போட்ட எலுமிச்சை ஊறுகாய். ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கென்று நோன்புக்கு முன்னாலேயே போட்டு, தினமும் வெயிலில் வைத்து எடுத்து, எனக்குக்கூட ஒரு துண்டுக்கு மேல் தராமல் மேலே ஏற்றி வைத்தது. நான் ஜாடியைப் பார்த்தேன். ஜாடி என்னைப் பார்த்தது. அதில் எலுமிச்சையும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது, இரண்டும் ஏற்கெனவே கலந்து ஊறித் தயாராக இருக்கிறது. கல்யாணம் பிலாவ் இல்லாமல் நடக்காது, ஊறுகாய் இல்லாமல் நடக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்கிவிட்டேன்.

அதில் மிளகாயும் இருக்கிறது என்பது எனக்குத் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. கை எரிந்தது. எரிந்த கையால் கண்ணைத் துடைத்தேன், கண் எரிந்தது. உதவிக்கு வந்த ஒமாரி தும்மின தும்மலில் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. ஆனாலும் விடவில்லை. பாதிப் பழத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கழன்றது, வழிந்த தண்ணீர் ஊதாவாக வழிந்தது, மகாதியும் மிளகாயும் சேர்ந்தால் அந்த நிறம் வரும்போல. அடிமண்டி வரைக்கும் ஜாடியை வழித்துப் போட்டேன். ஹமாதி, இப்போது நீ வந்து பார்க்க வேண்டும். தேக்சாவா அது? முகம் பார்த்து சவரம் செய்துகொள்ளலாம். கடையில் வாங்கின அன்றுகூட அது இப்படி இருந்திருக்காது.

ஒன்றே ஒன்று, தேய்த்த தேய்ப்பில் விளிம்பிலிருந்த சங்கத்துச் சிவப்புப் பொட்டும் போய்விட்டிருந்தது. தேடு தேடென்று தேடிவிட்டேன், தடயமே இல்லை. ஒமாரி படகுக்குப் பூசின பெயிண்டில் மிச்சம் கொண்டுவந்தான். பழையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

ஆக, தேக்சா பிழைத்தது, உன் அக்காவின் மானம் பிழைத்தது. ஊறுகாய் போனதைப் பற்றி நான் கலங்கவில்லை. ஜாடி எங்கே என்று அவள் கேட்டால் நான் பேசவே மாட்டேன், தேக்சாவை மட்டும் கை காட்டுவேன். அதன் மினுக்கைப் பார்த்ததும் அவளே புரிந்துகொள்வாள், இது சங்கத்துக்காகச் செய்த தியாகம் என்று. மிஷி முகத்தில் ஈயாடாது. என் வேண்டுதல் இவ்வளவுதான் மச்சான்: வியாழக்கிழமைப் படகில் உன் அக்காவை ஏற்றாதே. சனிக்கிழமைப் படகில் ஏற்று. பெயிண்ட் காய வேண்டும், வீட்டிலிருந்து மிளகாய் நெடி போக வேண்டும், என் கண் வெளுக்க வேண்டும். குழந்தைக்குச் சளி என்று சொல், கடல் கொந்தளிப்பு என்று சொல், உனக்கே முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல். அவளுக்கு எதிரில் பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் நீ அவளோடு பிறந்தவன், உனக்குக் கொஞ்சமாவது பழக்கம் இருக்கும்.

குழந்தையின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடு. அவளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், தன் அத்தையின் சமையலையும் கொடுக்கட்டும்; எதையும் கண்டுபிடித்துவிடும் அத்தையின் கண்ணில் பாதியை மட்டும் கொடுக்கட்டும். உன் மனைவிக்கு என் சலாம். உன் கிராம்பு மரங்களுக்கு நல்ல மழை.

உன்னை நம்பி இருக்கும்,
ரஜபு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மிஷி வந்துவிட்டாள். தேக்சா வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. சாக்குப் போட நேரமில்லை. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இந்தச் சாயத் தேக்சாவுக்கு எதுக்கு இவ்ளோ பவுசு?"

"என்ன சாயம்?"

"பாய் முடைய ஓலைக்குச் சாயம் காய்ச்சுவாங்கல்ல அண்ணி. ஊதாச் சாயம். இதுலதானே வருஷக்கணக்கா காய்ச்சுறாங்க?"

"அப்ப சங்கத்துத் தேக்சா?"

"எங்க வீட்டுல. ஊருக்குப் போற அன்னிக்கே தூக்கிட்டு வந்து வச்சுட்டாங்க. 'மிஷி, உன்னைக்கூட நம்பிருவேன், அவரு ஒரு வாரம் சும்மா இருக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

கேட்டாயா? நான் தொடுவேன் என்று தெரிந்து, தொட்டாலும் போகிறது என்று உதவாத தேக்சாவை அதே மூலையில், அதே சாக்கின் கீழ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மிஷியை நம்பியிருக்கிறாள்! நாங்கள் மூன்று பேரும் பாய்ச் சாயத்தில் வெந்த பிலாவைத் தின்றிருக்கிறோம். உன் கிராம்பைப் பற்றி மேலே எழுதினதை அடித்துவிடு. ஆனால் இதைக் கேள். போகும்போது மிஷி திரும்பி நின்று சொல்கிறாள்: "ஊறுகாய் ஜாடியையும் கொண்டாந்து வைக்கவான்னு கேட்டாங்க. நான்தான், அதை வச்சு அண்ணன் என்ன பண்ணிறப் போறாருன்னு சொல்லிட்டேன்."

கை காட்ட இப்போது எனக்குத் தேக்சாவும் இல்லை மச்சான். ஆகவே சளி, கடல், முதுகு எல்லாவற்றையும் விட்டுவிடு. ஒரே ஒரு காரியம் செய். பேச்சுவாக்கில், எலுமிச்சை ஊறுகாய் நாலு நாளில் ஊற வழி இருக்கிறதா என்று உன் அக்காவைக் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே. கேட்டதுமே அவள் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து பெட்டியைக் கட்ட ஆரம்பித்தால், தடுக்காதே. ஏற்றிவிடு. திட்டுவதற்காவது சீக்கிரம் வரட்டும், வீடு வீடாக இல்லை.